கணவாய் தின்கிற நமக்கு லேவியர் எதற்கு?

பைபிளின் பழைய ஏற்பாட்டில் மோசேயின் சட்டங்களைச் சொல்கிற லேவியர் நூலின் 11ஆம் அதிகாரத்தை எங்கள் கடற்கரையில் மீன் ஏலம் போடுகிற நேரத்தில் யாராவது சத்தமாக வாசித்தால் என்ன ஆகும் என்று நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன். தண்ணீரில் வாழ்கிறவற்றில் துடுப்பும் செதிலும் சேர்ந்து இருப்பதை மட்டும்தான் தின்னலாம், மற்றதெல்லாம் அருவருப்பு என்கிறது அது. அப்படிப் பார்த்தால் இறால் போச்சு, நண்டு போச்சு, கணவாய் போச்சு, யூதர்களின் கணக்கில் திருக்கையும் சுறாவும்கூடக் கிடையாது, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று தேடி வாங்கிப் புட்டு செய்து கொடுக்கிறோமே அந்தப் பால்சுறாவும் அவுட். விளமீனும் சூடையும் தப்பிக்கும். பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகு வைத்திருப்பவர்கள் இறாலை நம்பித்தான் டீசல் போடுகிறார்கள், அவர்களில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு படகில் ஏறுகிறவர்களும் நிறையப் பேர்.

போன தடைக்காலத்தில், படகெல்லாம் கரையில் நிற்க ஆட்கள் வீட்டில் இருக்கும்போதுதான் அன்பியக் கூட்டத்துக்கு (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்கள் கூடிச் செபிக்கிற கூட்டம்) ஆம்பிளைகள் வருவார்கள், ஒரு தம்பி இந்த அதிகாரத்தைக் காட்டிக் கேட்டான்: "அண்ணே, இதுல ஒண்ணும் நாம செய்யிறதில்ல. அப்புறம் எதுக்கு இவ்வளவு தடிமனா இதைச் சுமக்கணும்? இயேசு வந்ததும் இது முடிஞ்சு போச்சுல்ல?" கேள்வி நியாயமானது. பைபிளைக் கையில் எடுத்தால் முக்கால் பங்குக்கு மேல் பழைய ஏற்பாடுதான். ஆனால் "முடிஞ்சு போச்சு" என்கிற அந்த ஒரு சொல்தான் எனக்கு உறுத்தியது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மீன் விஷயத்தை முடித்துவிடலாம். இறாலை நமக்கு அனுமதித்தது ஏதோ அலட்சியம் இல்லை. புதிய ஏற்பாட்டின் திருத்தூதர் பணிகள் நூலில் இயேசுவின் சீடர் பேதுரு யோப்பாவில், கடலோரத்தில் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டு மாடியில், ஒரு காட்சி காண்கிறார், சகல விலங்குகளும் பறவைகளும் ஒரு விரிப்பில் இறங்கி வருகின்றன, அடித்துச் சாப்பிடு என்று குரல் கேட்கிறது, அந்த மனுஷன் மாட்டேன் என்கிறார். அப்புறம் 15ஆம் அதிகாரத்தில் எருசலேமில் கூட்டம் போட்டு விவாதிக்கிறார்கள். யூதர் அல்லாதவர்கள் கிறிஸ்துவிடம் வந்தால் விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் சட்டம் முழுவதையும் சுமக்க வேண்டுமா? வேண்டாம், சிலைக்குப் படைத்தது, இரத்தம், கழுத்தை நெரித்துக் கொன்றது, பரத்தைமை, இவற்றை விட்டால் போதும் என்று முடிவு வருகிறது. கவனியுங்கள், அந்தக் கூட்டத்தில் யாரும் மோசேயின் நூல் பொய் என்றோ காலாவதி என்றோ சொல்லவில்லை. அது யூதர்களுக்குக் கடவுள் கொடுத்தது, வெளியிலிருந்து வருகிறவர்கள் தலையில் அதை முழுதாக ஏற்ற வேண்டியதில்லை என்றுதான் பேசினார்கள். பேசியவர்கள் எல்லோரும் யூதர்கள் வேறு.

"தூக்கிப் போட்டுவிடலாம்" என்று வெளிப்படையாகச் சொன்னவர் ஒருவர் உண்டு. மார்சியோன். கருங்கடல் கரையில் சினோப்பே என்ற துறைமுகத்து ஆள், கப்பல் முதலாளி, அதனாலேயே எனக்கு அவர் மீது ஒரு தனி ஆர்வம். ரோமுக்கு வந்து அங்கிருந்த சபைக்குப் பெருந்தொகை நன்கொடை கொடுத்தார், இரண்டு லட்சம் செஸ்டெர்ஸ் என்று சொல்வார்கள். யூதர்களின் கடவுள் வேறு, இயேசு காட்டிய தந்தை வேறு என்பது அவர் கட்சி. பழைய நூல்கள் மொத்தமும் வேண்டாம், லூக்கா நற்செய்தியில் வெட்டி எடுத்தது கொஞ்சம், பவுலின் பத்துக் கடிதங்கள், அவ்வளவுதான் வேதம் என்றார். 144ஆம் ஆண்டில் ரோமச் சபை அவரை வெளியேற்றியது, கொடுத்த பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அவரை எதிர்த்து ஐந்து புத்தகம் எழுத வேண்டியிருந்தது என்றால் அந்தக் கருத்துக்கு எவ்வளவு பிடி இருந்திருக்கும் என்று பாருங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்த இடம்தான் எனக்குப் பிடித்தது. இன்றைக்கு எந்தச் சபை செய்யும்?

மார்சியோன் சொன்னதை இன்று யாரும் வாயால் சொல்வதில்லை, நடைமுறையில் செய்துவிடுகிறோம். ஞாயிறு பூசைக்குத் தாமதமாக வருகிறவர்களைக் கேளுங்கள், "நற்செய்தி வாசிக்கிறதுக்குள்ள வந்துட்டேன்" என்பார்கள். பழைய ஏற்பாட்டிலிருந்து வருகிற முதல் வாசகம் அவர்கள் கணக்கில் ஓலைப்பாய் விரிக்கிற நேரம். இதில் அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது, 1960களில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்தைய லத்தீன் பூசையில் பெரும்பாலான ஞாயிறுகளில் நிருபம் (திருத்தூதர்களின் கடிதம்) ஒன்று, நற்செய்தி ஒன்று, அவ்வளவுதான். 1969இல் புதிய வாசக முறை வந்த பிறகுதான் ஞாயிறுதோறும் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு வாசகம், அதற்குப் பதிலுரைப் பாடல், மூன்று ஆண்டுச் சுழற்சி என்று ஆனது. பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தில் மட்டும் அதன் இடத்தில் திருத்தூதர் பணிகள் வரும். எங்கள் தாத்தா பாட்டி காலத்து ஆட்கள் ஆபிரகாமையும் யோசேப்பையும் அறிந்தது பெரும்பாலும் ஞானோபதேச வகுப்பிலும் நாடகத்திலும்தான்.

சரி, அந்தத் தம்பிக்கு நான் சொன்ன முதல் பதில் இது: இயேசு கையில் வைத்திருந்த வேதம் எது? நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் அவர் எழுந்து வாசித்தது எசாயா ஏட்டுச்சுருள். சிலுவையில் தொங்கும்போது கத்தியது 22ஆம் திருப்பாடலின் (சங்கீதத்தின்) முதல் வரி. கடவுளை முழு உள்ளத்தோடு அன்பு செய் என்றது மோசேயின் ஐந்தாம் நூலான இணைச்சட்டம், அயலானை உன்னைப்போல் நேசி என்றது லேவியர். ஆமாம், இறாலை விலக்கிய அதே லேவியர்தான், எட்டு அதிகாரம் தள்ளி. வேதம் எல்லாம் கடவுளின் தூண்டுதலால் எழுதப்பட்டது என்று திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் வருகிறதே, அதை எழுதிய காலத்தில் நான்கு நற்செய்தியையும் சேர்த்துக் கட்டிய புத்தகம் என்று ஒன்று கிடையாது, அந்த வரி சுட்டுவது யூதர்களின் நூல்களைத்தான். அவற்றை எடுத்துவிட்டால் இயேசு யாருக்குப் பிள்ளை, எதை நிறைவேற்ற வந்தார், எதற்காக யூதர்களின் பாஸ்காத் திருவிழாவுக்கு எருசலேமுக்குப் போனார், ஒன்றும் பிடிபடாது.

இரண்டாவது, துக்கம். கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டில் புதிய ஏற்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார முடியாது என்பது என் கருத்து. "எப்போதும் மகிழ்ந்திருங்கள்" என்று பவுல் சொல்வதை அன்றைக்குச் சொன்னால் அடி விழும். திருப்பாடல்களில் புலம்பல்தான் மிகப் பெரிய வகை. கடவுளைப் பார்த்து ஏன் தூங்குகிறாய், எத்தனை நாள் முகத்தை மறைப்பாய் என்று சண்டை போடுகிற பாடல்கள் அவை. புலம்பல் என்ற பெயரிலேயே ஒரு நூல் இருக்கிறது, எருசலேம் அழிந்ததற்கு வைத்த ஒப்பாரி, நகரத்தையே தாலியறுத்த பெண்ணாக உட்கார வைத்துத்தான் அது தொடங்குகிறது. எபிரேயத்தில் முதல் நான்கு அதிகாரங்களும் அகரவரிசைப்படி கட்டப்பட்டவை, 22 எழுத்துக்கும் வரிசையாக. யூதர்கள் கோயில் இடிந்த நாளை நினைத்து ஆண்டுதோறும் ஆவ் மாதம் ஒன்பதாம் நாள் தரையில் உட்கார்ந்து இதை வாசிக்கிறார்கள். நம் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பதைப் பார்த்தவனுக்கு இந்தப் புத்தகத்துக்கு விளக்கவுரையே தேவையில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனபோது உயிர் தப்பியவர்கள் எந்தப் பாடலைப் பாடியிருக்க முடியும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு 107ஆம் திருப்பாடல் ஞாபகம் வரும், கப்பலேறிப் போனவர்கள் அலை தூக்க வானத்துக்கு ஏறி ஆழத்துக்கு இறங்கி, குடிகாரன் மாதிரித் தள்ளாடியதைச் சொல்கிற பகுதி. ஆனால் அந்தப் பாடலில் புயல் அடங்கிக் கரை சேர்கிறார்கள். சேராதவர்களுக்கு 88ஆம் பாடல் இருக்கிறது, அது விடியாமலே முடிகிற பாடல்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய இரவு நடக்கிற பாஸ்கா திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகம் ஏழு உண்டு. நேரமாகிறது, பிள்ளைகள் தூங்குகின்றன என்று குறைத்துக்கொள்ளலாம், ஆனால் செங்கடலைக் கடக்கிற விடுதலைப்பயணம் 14ஆம் அதிகாரத்தை மட்டும் விடவே கூடாது என்பது விதி. நான் அதை வாசிக்கப் போகும்போதெல்லாம் எகிப்தியர்கள் கடலில் மூழ்கிப் பிணமாக ஒதுங்குகிற இடத்தில் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும், பிணம் ஒதுங்குவதைப் பார்த்த ஊர்க்காரன் அல்லவா. அதற்கு யூத மதகுருக்களான ராபிகள் சொன்ன ஒரு கதை, அவர்களின் விவாதங்களைத் தொகுத்த தால்முத் நூலில் இருக்கிறது. எகிப்தியர்கள் மூழ்கும்போது விண்ணுலகத் தூதர்கள் பாடத் தொடங்கினார்களாம், கடவுள் அவர்களை அடக்கினாராம், என் கையால் படைத்தவர்கள் கடலில் மூழ்குகிறார்கள், நீங்கள் பாட்டுப் பாடுகிறீர்களா என்று. இதைப் படித்த அன்றுதான் பழைய ஏற்பாட்டின் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டின் கடவுள் அன்பானவர் என்று நாம் போடுகிற கணக்கு எவ்வளவு மேலோட்டமானது என்று உறைத்தது. அந்தப் புத்தகத்தோடு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிறவர்கள் அதில் என்ன கண்டார்கள் என்று நாம் கேட்பதே இல்லையே!

முடிந்துபோச்சு என்ற சொல் உறுத்தியது இதனால்தான். நமக்கு அது முன்கதையாகத் தெரியலாம், அவர்களுக்கு அது இன்றும் நடப்பில் இருக்கிற வேதம். சனிக்கிழமைதோறும் மோசேயின் ஐந்து நூல்களையும் பகுதி பகுதியாக வாசித்து ஓராண்டில் முடித்து, இணைச்சட்டத்தின் கடைசி வரியை வாசித்த அதே நாளில் தொடக்கநூலின் முதல் வரியை ஆரம்பிக்கிறார்கள். நூல்களை அடுக்குவதிலும் வேறுபாடு உண்டு. யூதர்களின் எண்ணிக்கையில் 24, சாமுவேல் இரண்டும் ஒன்று, சிறு இறைவாக்கினர் பன்னிருவரும் சேர்ந்து ஒன்று, இப்படி. அதையே பிரித்து எண்ணினால் புரொட்டஸ்டண்ட் பைபிளின் 39. அவர்கள் அடுக்கில் குறிப்பேடு கடைசியில் வரும், பாரசீக மன்னன் சைரசு, எருசலேமுக்குப் போகலாம் என்று யூதர்களுக்கு அனுமதி கொடுப்பதோடு முடியும். நம் அடுக்கு மலாக்கியோடு, எலியா வருவார் என்ற வாக்கோடு முடிகிறது, பக்கத்தைத் திருப்பினால் புதிய ஏற்பாடு. அதே எழுத்துகள்தான், வாசிக்கிறவன் எங்கே போய் நிற்கிறான் என்பது அடுக்கிலேயே மாறிவிடுகிறது.

கத்தோலிக்கருக்கு 46. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு என்று ஏழு கூடுதல். இவை கிறிஸ்துவுக்கு முன் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியாக நமக்கு வந்தவை. 1546இல் திரெந்து சங்கம் இந்தப் பட்டியலை உறுதி செய்தது. இதில் ஒரு வேடிக்கை, யூதர்கள் டிசம்பர் வாக்கில் விளக்கேற்றிக் கொண்டாடுகிற அனுக்கா திருநாளின் வரலாறு மக்கபேயரில் இருக்கிறது, அந்த நூல் அவர்களின் வேதத்தில் இல்லை, நம்முடையதில் இருக்கிறது. அவர்கள் பண்டிகையின் கதையை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம், அவர்களும் கேட்கவில்லை, நாமும் வாசிக்கவில்லை!

பொறுக்கி எடுப்பதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஒரு கன்வென்ஷன் மேடையில் ஒரு பிரசங்கியார் அரை மணி நேரம் "நாம் சட்டத்தின் கீழ் இல்லை, கிருபையின் கீழ் இருக்கிறோம்" என்று முழங்கிவிட்டு, காணிக்கைப் பை சுற்ற ஆரம்பித்ததும் மலாக்கி 3ஐத் திறந்து பத்தில் ஒரு பங்கு என்றார். மார்சியோனாவது மொத்தமாகத் தூக்கிப் போட்டார். நம் பக்கமும் அப்பழுக்கில்லாதது என்று சொல்ல மாட்டேன். ஓரியூருக்கு நடந்து போகிறோம், செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசுகிறோம். ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே வெட்டப்பட்டதற்குப் பின்னால் தடியத்தேவர் என்ற சிற்றரசர் திருமுழுக்குப் பெற்றபோது ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்ட கதை இருக்கிறது, அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுக்காரி. ஆனால் யாக்கோபுக்கு லேயாள், ராகேல், இரண்டு பணிப்பெண்கள் என்று நான்கு பேர், பன்னிரண்டு குலமும் அந்த நால்வரிடமிருந்துதான். தாவீதைக் கேட்கவே வேண்டாம். குலமுதல்வர்களுக்குப் பொறுத்துக்கொள்ளப்பட்டது தடியத்தேவருக்கு ஏன் கூடாது? திருச்சபைக்கு இதற்குப் பதில் உண்டு, தொடக்கத்தில் அப்படி இல்லை என்று இயேசு தொடக்கநூலையே எடுத்துக் காட்டியதுதான் அந்தப் பதில், அதாவது பழைய ஏற்பாட்டை வைத்தே பழைய ஏற்பாட்டை அளப்பது. எனக்கு அந்தப் பதில் சரியாகத்தான் படுகிறது. அனுப்பப்பட்ட பெண்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் மனதில் நிற்கும்.

எங்கள் கரைக்கு இந்தக் கதைகள் பைபிள் வழியாக மட்டும் வரவில்லை. ராமேஸ்வரத்தில் ஆபில் காபில் தர்கா இருக்கிறது, ஆதாமின் பிள்ளைகள் இருவரும் அங்கே அடங்கியிருப்பதாக நம்பிக்கை, நீளமான இரண்டு கல்லறைகள். வரைபடக்காரர்கள் ஆதாம் பாலம் என்று எழுதிய மணல் திட்டுகளும் பக்கத்திலேயே. தொடக்கநூல் 4ஆம் அதிகாரத்தை நான் படிப்பதற்கு முன்பே அந்தக் கல்லறைகளைப் பார்த்துவிட்டேன். கீழக்கரை முஸ்லிம் நண்பன் ஒருவனிடம் மீன் வயிற்றுக்குள் போன யோனா கதையைச் சொல்ல ஆரம்பித்தால் "யூனுஸ் நபிதானே, தெரியும் மாப்ளே" என்று மிச்சத்தை அவன் சொல்லுவான். யூதர்கள் அந்த யோனாவைப் பாவக்கழுவாய் நாளின் பிற்பகலில் வாசிக்கிறார்கள். மூன்று வீட்டுக்கும் தெரிந்த மீன் அது. பெரியபட்டினம் பக்கத்தில் எபிரேய எழுத்து பொறித்த பழைய கல்லறைக் கல் கிடைத்திருப்பதைக் கேள்விப்பட்டபோது, முத்துக்கும் மிளகுக்கும் வந்த வணிகர்களில் இந்த வேதத்தை அதன் சொந்த மொழியில் வாசித்தவர்களும் நம் மண்ணில் படுத்திருக்கிறார்களே என்று தோன்றியது.

இன்னொன்று. 1549இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி என்ற சேசு சபைக் குரு கொல்லப்பட்டார். அவருக்குப் பிறகு முத்துக்குளிக்கிற கடற்கரை ஊர்களான முத்துக்குளித்துறைக்குப் பொறுப்பேற்றவர் அன்றிக்கே அடிகளார், 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டவர். தமிழ் எழுத்தில் அச்சான அந்த முதல் புத்தகத்தைக் கொண்டுவந்த இவர் போர்ச்சுக்கலில் கட்டாயத்தால் மதம் மாறிய யூதக் குடும்பத்து வாரிசு. அந்த இரத்தத்தைக் காரணம் காட்டித்தான் பிரான்சிஸ்கன் சபையில் அவருக்கு இடமில்லாமல் போனது. நம் முன்னோர்களுக்குத் தமிழில் செபம் சொல்லிக் கொடுத்தவரைப் போன்ற குடும்பங்களை அதே காலத்தில் அங்கே, ரகசியமாக இன்னும் யூதராக இருக்கிறார்களா என்று தேடுகிற திருச்சபையின் விசாரணை மன்றம் துரத்திக்கொண்டிருந்தது. இதை எந்த ஞானோபதேச வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

வேதத்தை வாங்கிக்கொண்டு, கொடுத்தவனை அடித்த கதைதான் இது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களை நம்பிக்கை கெட்டவர்கள் என்று சொல்லி வந்த சொல்லை 1959இல்தான் திருத்தந்தை 23ஆம் யோவான் எடுத்தார். 1965 அக்டோபர் 28 அன்று வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் எல்லார் மீதும் இன்றைய யூதர் மீதும் பழி போடக் கூடாது என்று ஏடு எழுதி வைத்தது. 1986இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ரோமிலிருக்கிற தொழுகைக்கூடத்துக்கே போய் நீங்கள் எங்கள் மூத்த சகோதரர்கள் என்றார். பவுல் உரோமையருக்கு எழுதியதில் 11ஆம் அதிகாரம் இதைவிடக் கறாரானது: நீ காட்டு ஒலிவக் கிளை, ஒட்ட வைக்கப்பட்டவன், வேரை நீ தாங்கவில்லை, வேர்தான் உன்னைத் தாங்குகிறது, பெருமையடிக்காதே என்று யூதரல்லாத கிறிஸ்தவனைப் பார்த்துச் சொல்கிறார், வேர் என்பது இஸ்ரயேல். உடனே யாராவது காசாவைப் பற்றிக் கேட்பீர்கள். இஸ்ரேல் அரசாங்கம் செய்வதற்கெல்லாம் ஆமென் போடுவது வேறு, இது வேறு. நம் ஆட்கள் சிலர் அந்தக் கொடியைப் பீடத்துப் பக்கம் கொண்டுவருவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், இறைவாக்கினர்கள் ஆமோசும் எரேமியாவும் தங்கள் மக்களின் அரசர்களையே திட்டியதைப் படித்தவன் அப்படிச் செய்ய மாட்டான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இயேசுவின் பாடுகளை நடிக்கிற எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. தவக்காலத்தில் ஒத்திகை தொடங்கும். அதில் இயேசு, மாதா, சீடர்கள் எல்லோரும் வெள்ளையும் நீலமும், தலைமைக் குரு கைப்பாசும் கூட்டத்தாரும் மட்டும் கறுப்பு அங்கி, வயிறு வரைக்கும் ஒட்டுத் தாடி, அவர்களை "யூதர்கள்" என்று வசனம் கூப்பிடும், மேடையில் வந்ததும் சின்னப் பிள்ளைகள் ஊளையிடும். ஒத்திகை பார்க்கப் போன இடத்தில் நாடகம் பழக்குகிற அண்ணாவியாரிடம் சொன்னேன், "அய்யா, யூதர்கள்னு வர்ற இடத்துல தலைமைக் குருக்கள்னு போட்டா போதும். மாதாவும் யூதப் பொண்ணுதானே, இயேசுவும் யூதர்தானே." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "வசனத்தை மாத்திக்கலாம் தம்பி, நாலு இடந்தான் வரும். தாடியும் அங்கியும்னா, ஒண்ணு இயேசுவுக்கும் அதையே மாட்டணும், இல்ல அவனுகளுக்கும் வெள்ளை தைக்கணும். இருபது பேருக்குத் துணி எடுக்க யார் காசு தருவா?" என்றார். வசனம் மாறிவிட்டது. துணிக்கு விசைப்படகுச் சங்கத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், இறால் விலை ஏறினால் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது.